பல்லாவரத்தைப் பாராத தமிழர்

தொலைவில் உள்ளதே உயர்ந்தது என்னும் எண்ணம் தமிழரை நெடுங்காலமாகப் பற்றியுள்ள நோய்களுள் ஒன்று. மொழியில் அந்நோய் அயற்சொல் வேட்கையாக வெளிப்பட்டது. வாழ்வில் அயல்வழக்கைப் போற்றுவதாக வெளிப்பட்டது. ஊர் காணச் செல்லும் செலவிலும் அது வேறொரு வடிவில் வெளிப்படுகின்றது. கோடை விடுமுறை வந்தவுடன் ஆக்ராவின் பளிங்குக் கல்லறையைக் காணவும், காசியின் படித்துறைகளைக் காணவும், சிங்கப்பூரின் மாடமாளிகைகளைக் காணவும் கடன்பட்டேனும் புறப்படுகின்ற தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள. அவ்வாறு செல்வதில் தவறில்லை. உலகைக் காண்பது அறிவை விரிக்கும். ஆனால், அக்குடும்பங்களை ஏற்றிச் செல்லும் வானூர்தி எந்தக் குன்றின் அடியிலிருந்து மேலெழுகின்றது, தொடர்வண்டி எந்த மண்ணைக் கிழித்துக்கொண்டு ஓடுகின்றது என்று அவர்களுள் எத்தனைப் பேர் அறிவர்?

சென்னையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர்வண்டியில் பரங்கிமலை தொடங்கி வண்டலூர் வரை செல்வதற்கு ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. அந்தக் குறுகிய தொலைவுக்குள், உலகத்தார் தேடி வந்து காணத்தக்க இடங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நாள்தோறும் அவ்வழியே பணிக்குச் சென்று மீளும் பெருங்கூட்டமோ, அவற்றுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கின்றது.

முதலில் கல்லைப் பார்ப்போர் பார்க்கட்டும். பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுத் தொன்மையுடைய பாறையால் ஆனவை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் குழும அலுவலராயிருந்த யோபு சார்னாக்கு என்பாரின் கல்லறைமேல் இப்பகுதியிலிருந்து சென்ற கல்லொன்று பதிக்கப்பட்டது. அக்கல்லை ஆய்ந்த தாமசு ஆலந்து என்னும் நிலவியல் அறிஞர், 1893இல் அவ்வகைப் பாறைக்குச் சார்னாக்கைட்டு என்று பெயரிட்டார். இன்று உலகின் எந்த மூலையில் அவ்வகைப் பாறை கிடைப்பினும் அதற்கு அப்பெயரே வழங்குகின்றது. பரங்கிமலைப் பாறை, நாட்டின் நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டும் உள்ளது. பிறந்த மண் தமிழ்மண். பெயரோ கல்லறைக்குள் கிடப்பவருடையது. தன் பொருளுக்குத் தான் பெயரிடாத இனத்தின் பொருளுக்குப் பிறர் பெயரிடுவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அடுத்து மாந்தன் வரலாறு. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த இராபர்ட்டு புரூசு பூட்டு என்பார், பல்லாவரத்துப் படைப்பயிற்சித் திடலை ஒட்டிச் சரளை தோண்டிய குழியொன்றில், மாந்தன் கையால் செதுக்கப்பட்ட கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்கால மாந்தன் வாழ்ந்தான் என்பதற்கு முதன்முதல் அடையாளங் காணப்பட்ட சான்று அதுவே. பிரான்சு நாட்டு ஆற்றங்கரைகளில் கிடைத்த கற்கருவிகளை வைத்து, மாந்தன் மிகப் பழையவன் என்று ஐரோப்பிய அறிஞர் ஒப்புக்கொண்டது 1859இல்தான். அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்துப் பல்லாவரம் அவ்வரிசையில் இடம்பெற்றது. அதே ஆண்டில் பூட்டும் அவர்தம் துணைவர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தையும் கண்டனர். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் பதினைந்து நூறாயிரம் ஆண்டுத் தொன்மையுடையன என்று 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது. அத்துணைப் பெருங்கதையின் முதல் எழுத்து, பல்லாவரத்துச் சரளைக் குழியில் எழுதப்பட்டது. பூட்டு ஆங்கிலேயர், ஆயினும் கண்டவர் அவர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. அயலார் ஒருவர் குனிந்து எடுத்ததை, அம்மண்ணுக்குரியோர் நிமிர்ந்தும் பாராதிருப்பதே நாணத்தக்கது.

அக்கற்கால மாந்தனுக்குப் பின், இரும்புக்காலத்தில் வாழ்ந்தோர் தம் இறந்தோரைக் கால்களுடைய சுடுமண் ஈமப்பேழைகளில் வைத்துப் புதைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் இரீ என்பார் பல்லாவரத்துக் குன்றுகளின் அடியில் அத்தகைய பேழைகளை அகழ்ந்தெடுத்தார். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் அவ்வகைப் பேழைகளைக் காணலாம்.

அவர்களுக்கும் பின்னர், கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அதே குன்றில் ஐந்து கருவறைகளைக் கொண்ட குடைவரை ஒன்றைக் குடைந்தான். செங்கல்லும் மரமும் இன்றி மலையையே கோயிலாக்கிய அவன் திறம் போற்றத்தக்கது. அங்கு அவன் வெட்டுவித்த பட்டப்பெயர்களோ பெரும்பாலும் வடமொழியும் தெலுங்குமாக உள்ளன. தமிழ்நாட்டு மலையில், தமிழ்க் கொல்லன் உளி பிடித்து, தமிழ் மன்னர்க்கு உரிய மண்ணில் பொறித்த பெயர்களில் தமிழ் ஒதுங்கி நிற்கின்றது! அதனைப் பார்த்து உணர்வதும் ஒரு வரலாற்றுக் கல்வியே. இன்று அக்குடைவரை இசுலாமியரின் வழிபாட்டிடமாக விளங்குகின்றது. வழிபடுவோர் அமைதிக்கு ஊறின்றிச் சென்று காண்பது பண்புடையோர் கடன். ஒரே பாறையின் கீழ்ப் பல காலத்து மக்கள் பல நெறிகளில் தலைவணங்கியது இம்மண்ணின் விரிந்த உள்ளத்துக்குச் சான்று.

பல்லாவரத்தை அடுத்துள்ளது இன்று திரிசூலம் என்று வழங்கும் ஊர். நாற்புறமும் குன்றுகள் சூழ நடுவே அமைந்துள்ள அச்சிவன் கோவில் முதலாம் குலோத்துங்கன் காலத்தது. கல்வெட்டுகள் அவ்வூரைத் திருச்சுரம் என்றே குறிக்கின்றன. சுரம் என்பது அருவழியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். குன்றுகளுக்கிடையே செல்லும் வழியில் அமைந்த ஊருக்கு அது எத்துணைப் பொருத்தமான பெயர்! அப்பெயரின் பொருள் மறந்துபோகவே, சிவன் கைப் படைக்கலத்தின் வடசொற்பெயர் அதன்மேல் ஏறி அமர்ந்துகொண்டது. ஊரை இடிக்காமலே ஊரை அழிக்கும் வழி, அதன் பெயரை மாற்றுவதுதான்.

மேற்கே சென்றால் திருநீர்மலை. திருமங்கையாழ்வார் பாடிய அம்மலையில் திருமாலை நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் ஆகிய நான்கு நிலைகளில் கண்டு வழிபடுகின்றனர். அதற்கும் அப்பால் குன்றத்தூர். பெரியபுராணம் செய்த சேக்கிழார் பிறந்த ஊர் அது. இரண்டாம் குலோத்துங்கன் அவையில் அமைச்சராயிருந்து, அடியார் வரலாற்றைச் செந்தமிழில் பாடிய அப்பெருமகனார் எழுப்பிய திருநாகேச்சுரம் கோவில் அங்கு இன்றும் நிற்கின்றது.

தனித்தமிழ் அன்பர்க்கோ பல்லாவரம் இவை எல்லாவற்றினும் நெருங்கிய ஊர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழாசிரியராய்ப் பணியாற்றிய மறைமலையடிகள், 1911இல் அப்பணியினின்று நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறினார். அங்கு நூல்நிலையம் கண்டார், அச்சுக்கூடம் அமைத்தார், பொதுநிலைக் கழகம் நடத்தினார். 1916இல் மகளார் நீலாம்பிகையாரோடு உரையாடியபோது பிறமொழிக் கலப்பால் தமிழுக்கு நேரும் கேட்டை உணர்ந்து தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதும், வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என்று ஆக்கிக்கொண்டதும் அங்கிருந்துதான். 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 15இல் மறையும்வரை அவ்வூரே அவருடைய இருப்பிடம். அவர் ஈட்டிய நூல்கள் 1958 முதல் சென்னையில் அவர் பெயரால் ஒரு நூலகமாக விளங்கி வருகின்றன. அவர் பணியாற்றிய கல்லூரியும் 1937இல் தாம்பரத்துக்கே வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 365 ஏக்கர்ப் பரப்பில் அக்கல்லூரி காத்துவரும் குறுங்காட்டில் புள்ளிமான்கள் இன்றும் மேய்கின்றன. கட்டடம் எழுப்புவோர் காட்டை அழித்தே தீரவேண்டும் என்பது பொய் என்பதற்கு அக்காடே சான்று.

இயற்கை வளங்களை எண்ணினால் பட்டியல் நீளும். வண்டலூர் உயிரியற் பூங்கா 602 எக்டேர்ப் பரப்புடையது. 1855இல் எட்வர்டு பால்ஃபர் என்பாரால் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கப்பட்ட விலங்குத் தொகுப்பு, பின்னர்ப் பூங்காநகரில் இருந்து, 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா பெயரால் விரிந்தது. 2016 திசம்பரில் அடித்த வர்தா புயலில் அங்கு ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தும், அக்காடு மீண்டும் தழைத்தது. கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். பூநாரையும் கூழைக்கடாவும் நீலத்தாழைக்கோழியும் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட புள்ளினங்கள் வந்து தங்கும் அவ்விடம், 2022இல் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் இராம்சார்ப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் தென்பால் பெரும்பாக்கம். 1802இல் வில்லியம் இலாம்டன் என்பார் பரங்கிமலையையும் பெரும்பாக்கத்துக் குன்றையும் இணைத்து ஏழரைக் கல் நீளத்திற்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த நில அளவையே, அரை நூற்றாண்டு கழித்து இமயத்தின் கொடுமுடி உலகிலேயே உயர்ந்தது என்று கணித்தறிய வழிவகுத்தது. இமயத்தைக் காணக் கடன்படுவோர், அதன் உயரத்தை அளக்கத் தொடங்கிய இடத்தைக் காண ஒரு பேருந்துச் சீட்டும் வாங்கியதில்லை!

காணாமையால் விளைந்த கேடு யாது? காணாத பொருளுக்குக் காவல் இல்லை. திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலைக் குன்றுகளைப் பல்லாண்டுகளாகக் கல்லுடைப்போர் குடைந்தெடுத்தனர். 250 கோடி ஆண்டு நின்ற பாறை, ஓரிரு தலைமுறைக் காலத்தில் சல்லியாயிற்று. எஞ்சியவை நீர் தேங்கிய படுகுழிகள். அவற்றில் குளிக்கச் சென்று உயிர்விட்ட இளைஞர் பலர். பல்லாவரத்துப் பெரிய ஏரியின் நடுவே சாலை ஓடுகின்றது. ஐயாயிரம் எக்டேருக்கு மேல் பரந்திருந்த பள்ளிக்கரணை, குப்பையாலும் கட்டடங்களாலும் சுருங்கிச் சிறு பகுதியே எஞ்சியது. ஏரியையும் சதுப்பையும் இழந்த நிலத்தில் நீர் எங்கே செல்லும்? 2015 திசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் மக்கள் வீட்டுக்குள் புகுந்து அது விடை கூறிற்று. ஆதலால் இது பழம்பெருமை பேசும் செய்தி மட்டுமன்று. குடியிருப்போர் உயிரைப் பற்றியதும் ஆகும்.

வீடு கட்டக் கல் வேண்டாவா, ஏழைக்கு இடம் வேண்டாவா என்று வினவுவோர் உண்டு. வேண்டும். ஆனால், மலையை உடைத்தவர் ஏழையரல்லர். உடைத்த கூலி மட்டுமே ஏழையர்க்குக் கிடைத்தது. சதுப்பைத் தூர்த்து எழுந்த மாளிகைகளின் உரிமையும் அவர்களுடையதன்று. கல் வேறிடத்தும் கிடைக்கும். மகேந்திரவர்மன் குடைந்த குன்றும், பூட்டு குனிந்த நிலமும் வேறிடத்துக் கிடையா. இன்னோர் உண்மையும் உண்டு. 2019இல் சென்னை நீரின்றித் தவித்தபோது, குன்றத்தூரை அடுத்த சிக்கராயபுரத்துக் கற்குழிகளில் தேங்கிய நீரைத் தூய்மை செய்து மாநகர்க்கு வழங்கினர். உடைத்தெறிந்த குழியும் காப்பாற்றினால் பயன்தரும் என்றால், உடையாத மலையைக் காப்பதன் பயனைச் சொல்லவும் வேண்டுமோ?

காண்பதே காவல் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி அண்மைச் சான்று. தமிழி எழுத்துக் கல்வெட்டும், சமணச் சிற்பமும், பாண்டியர் குடைவரையும், நீர்ச்சுனைகளும் உடைய அவ்வூர் 2022இல் பல்லுயிர் மரபிடமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியில் தங்குதன் என்னும் மாழையைத் தோண்ட 2024இல் ஏலம் விடப்பட்டபோது, ஊரார் திரண்டெழுந்தனர். 2025 சனவரியில் நடுவண் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. அம்மக்களுக்குப் படைவலியும் இல்லை, பணவலியும் இல்லை. தம் மலையில் எந்தச் சுனை எங்குள்ளது, எந்த எழுத்து எங்குள்ளது என்னும் அறிவு இருந்தது. அது தமது என்னும் உணர்வு இருந்தது. பல்லாவரத்துக் குன்றுகள் உடைபட்டபோது அத்தகைய அறிவும் உணர்வும் அவற்றின் அடியில் வாழ்ந்தோரிடம் இருந்திருப்பின், குன்றுகள் இன்று முழுமையாய் நின்றிருக்கும்.

ஆதலின் செய்யத்தக்கவை தெளிவானவை. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, தன் எல்லையிலும் அதனை அடுத்தும் உள்ள இவ்விடங்கள் ஒவ்வொன்றிலும், ஊரின் பழம்பெயரையும் வரலாற்றையும் பிழையற்ற தமிழில் பொறித்த கற்பலகைகளை நிறுவுதல் வேண்டும். பல்லாவரம் தொடர்வண்டி நிலையத்தில் இறங்குவோர் அனைவர் கண்ணிலும் படுமாறு, 1863ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பும் மறைமலையடிகளின் வாழ்வும் எழுதப்படுதல் வேண்டும். எஞ்சிய பாறைகளில் உளி விழாதவாறு எல்லை வரையறுக்கப்படுதல் வேண்டும். கற்குழிகள் வேலியிடப்பட்டு நீர்த்தேக்கங்களாகக் காக்கப்படுதல் வேண்டும். பள்ளிதோறும் ஆண்டுக்கு ஒருநாள் ஆசிரியர்கள் மாணவரை இக்குன்றுகளுக்கு நடத்திச் செல்லுதல் வேண்டும். ஏட்டில் படித்த கற்காலத்தைக் காலால் மிதித்த சிறுவன் அதனை மறவான்.

அரசு செய்யும்வரை தமிழர் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். காலையில் பரங்கிமலை, பின்னர்த் திருச்சுரம், நண்பகலுக்குள் பல்லாவரம், மாலையில் பள்ளிக்கரணையின் புள்ளினங்கள் என்று ஒரு குடும்பம் கண்டு திரும்ப ஆகும் செலவு, ஒரு திரைப்படத்துக்கு ஆகும் செலவினும் குறைவு. பிள்ளைகளுக்கு அவ்விடங்களின் பெயரைத் தமிழில் சொல்லிக் கொடுக்கட்டும். பெயரறிந்த மலையை எவரும் எளிதில் விலைபேச ஒப்பார். மலை மிஞ்சியிருக்கும்போதே தமிழர் அதனைச் சென்று காணட்டும்.