கோப்பைத் தலையன் கற்பிக்கும் பாடம்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே பெரியோர் முகம் சுளிக்கின்றனர். கண்ணுக்குக் கேடு, படிப்புக்குப் பகை, பொழுதுக்கு வீண் என்று ஒரே மூச்சில் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். அத்தீர்ப்பில் உண்மையே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் புத்தகங்களில் நல்லதும் உண்டு, தீயதும் உண்டு, பிரித்தறிந்துதான் வாசிக்கிறோம். திரைப்படங்களையும் அப்படியே பார்க்கிறோம். விளையாட்டுக்கு மட்டும் அந்த நீதி ஏன் மறுக்கப்பட வேண்டும்?

இதற்குச் சான்றாக நாம் எடுத்துக்கொள்வது ‘கப்ஹெட்’ என்னும் விளையாட்டு. இதனைத் தமிழில் ‘கோப்பைத் தலையன்’ எனலாம். கனடா நாட்டைச் சேர்ந்த சாட், ஜாரெட் மோல்டன்ஹாவர் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய இது, 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் வெளியாயிற்று. மேடைக்கு மேடை தாவியும் ஓடியும் எதிரிகளை வெல்லும் வகையைச் சேர்ந்தது. பார்த்தவுடன் நம்மைக் கவர்வது இதன் தோற்றமே. 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மேக்ஸ் ஃபிளீஷரும் வால்ட் டிஸ்னியும் திரையிட்ட கார்ட்டூன் படங்களைப் போலவே இதனை வரைந்திருக்கின்றனர். கை கால்கள் ரப்பர்க் குழாய்போல் வளைகின்றன. பூக்களுக்கும் காய்கறிகளுக்கும் கண்ணும் வாயும் உண்டு. நம் கண்ணில் நீர் வரவழைக்கும் வெங்காயம், இங்கே தானே தேம்பி அழுது கண்ணீர்த் துளிகளால் நம்மைத் தாக்குகிறது!

கணிப்பொறியில் எதையும் நொடியில் வரையக்கூடிய இக்காலத்தில், இவர்கள் காகிதத்தையும் பென்சிலையும் மையையும் நாடினர். அசைவுக்கு நொடி ஒன்றுக்கு 24 படங்கள் என்பது பழைய திரைப்படக் கணக்கு. அந்தக் கணக்கின்படியே உருவங்களைக் கையால் வரைந்தனர். சாடின் மனைவி மாயா அவற்றுக்கு மை தீட்டினார். பின்னணிக் காட்சிகளை நீர்வண்ணத்தில் எழுதினர். உருவங்களுக்கு வண்ணம் சேர்க்க மட்டுமே கணிப்பொறியின் துணையைக் கொண்டனர். கிறிஸ்டோபர் மாடிகன் அமைத்த ஜாஸ் இசையை வாத்தியக் கலைஞர்கள் உண்மையாகவே வாசித்துப் பதிவு செய்தனர். இதற்காகச் சகோதரர் இருவரும் பார்த்து வந்த வேலையை விட்டனர். வீட்டையும் அடமானம் வைத்தனர். தையல் வகுப்பில் ஒரு பூவைப் பூர்த்தி செய்ய எத்தனை முறை ஊசியேற்ற வேண்டும் என்பதை அறிந்த நமக்கு, இவ்வுழைப்பின் அருமை விளங்காமற் போகுமா?

பழைய கலையைப் போற்றும்போது அதிலுள்ள குறையையும் மறைத்தலாகாது. அக்காலக் கார்ட்டூன்கள் பலவற்றில் கறுப்பின மக்களை இழிவாகக் காட்டும் வழக்கம் இருந்தது. முன்னோர் விட்டுச்சென்ற கலையில் அழகைக் கொண்டு அநீதியைத் தள்ளுவதே நமக்கு அழகு.

இனி, இவ்விளையாட்டின் கடினத்தைச் சொல்ல வேண்டும். மூன்று முறை அடிபட்டால் ஆட்டம் முடிந்தது. தோற்றவுடன் ஒரு கோடு தோன்றி, வெற்றிக்கு எவ்வளவு தூரத்தில் விழுந்தோம் எனக் காட்டும். எதிரியின் கேலி வேறு! எளிய முறை என்று ஒன்று உண்டு. ஆனால் அதில் வென்றால் கதை நிறைவுக்குத் தேவையான ஒப்பந்தப் பத்திரம் கிடைக்காது. குறுக்கு வழியில் போனவனுக்குக் கோட்டைக் கதவு திறப்பதில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழியை இதைவிடத் தெளிவாக யார் விளக்க முடியும்? கணக்குத் தேர்வில் ஒருமுறை குறைந்த மதிப்பெண் பெற்றதும் சோர்ந்துவிடும் தோழியருக்கு இப்பாடம் தேவை.

“கதையில் சூதாட்டமும் சாத்தானும் வருகின்றனவே! இது கன்னியர் மடப் பள்ளி மாணவியருக்கு ஏற்றதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கப்ஹெட்டும் அவன் தம்பி மக்மேனும் சாத்தானின் சூதாட்ட விடுதிக்குள் நுழைகின்றனர். முதலில் வெற்றி மேல் வெற்றி. ஆசை பெருகுகிறது. தம்பி தடுத்தும் கேளாமல் அண்ணன் ஆன்மாவையே பணயம் வைத்துத் தோற்கிறான். உயிர் பிழைக்க வேண்டுமானால், தன்னிடம் கடன்பட்டு ஓடிப்போனவர்களின் ஒப்பந்தங்களைப் பறித்து வா எனச் சாத்தான் ஆணையிடுகிறான். எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு சென்ற பின், கடைசியில் ஒரு கேள்வி எழுகிறது: அவற்றைக் கொடுக்கிறாயா, இல்லையா? கொடுத்தால் சகோதரர் இருவரும் சாத்தானின் அடிமைகளாகின்றனர். மறுத்தால் அவனோடு போரிட வேண்டும். வென்றால் ஒப்பந்தங்கள் எரிக்கப்பட்டு அனைவரும் விடுதலை பெறுகின்றனர். தான் தப்பப் பிறரைக் காட்டிக் கொடுப்பதா, துன்பம் வந்தாலும் மறுப்பதா? இது மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்காத கேள்வியா? பாலைவனத்தில் ஆண்டவரைச் சோதித்தவனும் பேரம் பேசித்தானே வந்தான்!

நாம் அஞ்ச வேண்டிய சூதாட்டம் வேறிடத்தில் இருக்கிறது. இன்று கைப்பேசியில் இலவசம் என்று வரும் விளையாட்டுகள் பலவற்றில், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்கின்றனர். இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே கருதி 2018ஆம் ஆண்டு பெல்ஜியம் நாடு நடவடிக்கை எடுத்தது. கப்ஹெட்டில் அத்தகைய பெட்டி எதுவும் இல்லை. விலை கொடுத்து வாங்கிவிட்டால், ஆட்டத்தின் நடுவே எவரும் கை நீட்டுவதில்லை. சூதின் தீமையைக் கதையாகச் சொல்லும் விளையாட்டைக் கண்டு மிரள்கிறோம். சிரித்த முகத்தோடு சூதாட வைக்கும் விளையாட்டைப் பச்சைக் குழந்தையின் கையில் கொடுக்கிறோம். இது முறையா?

அதற்காக இரவு பகல் பாராமல் விளையாடலாம் என்பது நம் கருத்தன்று. வீட்டுப் பாடமும் செபமும் அன்னைக்குச் செய்யும் உதவியும் முடிந்த பின்னரே விளையாட்டு. அரைமணி நேரம் என்றால் அரைமணி நேரமே. “இன்னும் ஒரே ஒருமுறை” என்று கெஞ்சும் ஆசைதான் கோப்பைத் தலையனைக் கெடுத்தது என்பதை மறவாதிருப்போம்.

பெற்றோர்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். தடை செய்யுமுன் ஒருமுறை எங்கள் அருகில் அமர்ந்து பாருங்கள். நல்லது எது, நஞ்சு எது என்று சொல்லிக் கொடுங்கள். தோழியரே, “நிறுத்து” என்ற குரல் கேட்டதும் நிறுத்தும் பழக்கத்தை நாமும் கைக்கொள்வோம். அப்போது நம் சொல்லுக்கு வீட்டில் மதிப்பிருக்கும். நம் விளையாட்டுக்கும் இடமிருக்கும்.