குறுவைக் கணக்கில் சேராத கூலி நாட்கள்

ஜூன் பிறந்ததும் காவிரிப் படுகையில் மூன்று எண்கள் பேச்சுக்கு வந்துவிடுகின்றன. மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி, குறுவை எத்தனை ஏக்கரில் நடப்பட்டிருக்கிறது, வெயில் எத்தனை டிகிரி. செய்தித்தாள்கள் இவற்றை நாள்தோறும் வெளியிடுகின்றன. ஆட்சியர் அலுவலகக் கூட்டங்களில் இவையே வாசிக்கப்படுகின்றன. இந்த எண்களில் பொய்யில்லை. ஆனால் நாற்றுப் பறிக்கவும் நடவும் களையெடுக்கவும் வயலில் இறங்கும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பருவத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதை எந்த அறிக்கையும் சொல்வதில்லை. பேரிடர் நிவாரணம், பயிர்க் காப்பீடு, குறுவைத் தொகுப்புத் திட்டம் ஆகிய அனைத்தும் ஏக்கரையும் அடங்கலையும் அடிப்படையாகக் கொண்டவை என்பதால், அவளுடைய இழப்பு இழப்பாகவே பதிவாவதில்லை.

அவள் யார் என்பதைச் சொல்ல நீண்ட ஆய்வு வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்தில் அது 34 விழுக்காடு. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 31 விழுக்காட்டுக்கு மேல். மாநிலத்தின் நெற்களஞ்சியம் என்று புகழப்படும் மண்ணில், மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினராக இருக்க, நிலப்பதிவேடுகளில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டதற்கு முன்னால் நடந்தது நிலத்துக்கான போராட்டம்கூட அல்ல. கூலியைச் சற்று உயர்த்திக் கேட்ட போராட்டம். அதன் பின்னர் கூலிக்கெனத் தனிச் சட்டம் 1969இல் வந்தது. ஆனால் கூலியை நிர்ணயிக்கும் சட்டம், வேலை இருக்கும் நாளுக்குத்தான் பேசும்.

வேலையே இல்லாத நாளுக்கு என்ன செய்வது என்ற கேள்வியை 2023ஆம் ஆண்டுக் குறுவை கூர்மையாக எழுப்பியது. அவ்வாண்டு ஜூன் 12 அன்று, வழக்கமான தேதியிலேயே மேட்டூர் அணை திறக்கப்பட்டது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்த அட்டவணைப்படி பிலிகுண்டுலுவில் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 டிஎம்சி நீர் வந்திருக்க வேண்டும். வரவேண்டிய நீர் வரவில்லை. அணை இறங்கிக்கொண்டே போய், அக்டோபர் 10 அன்று மூடப்பட்டது. கடைமடையில் பயிர் கருகியது. அந்த ஆண்டு குறுவைக்குப் பயிர்க் காப்பீடும் கிடையாது. மாநில அரசு கருகிய பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. இது உழவருக்கே போதாது என்று சங்கங்கள் சொன்னதில் நியாயம் உண்டு. எங்கள் கேள்வி வேறு. கருகிய வயலில் ஒரு களையெடுப்பும் ஓர் அறுவடையும் நின்றுபோயின. அந்த நாட்களின் கூலியை இழந்தவருக்கு அந்த அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. வாய்மொழிக் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிட்டவருக்கும் நிலை ஏறத்தாழ அதுவே. அடங்கலில் எவர் பெயர் இருக்கிறதோ அவர் வங்கிக் கணக்குக்கே பணம் போகும். கடன் வாங்கி உரம் போட்டவர், பட்டாதாரர் மனம் வைத்தால் அதில் ஒரு பங்கைக் காண்பார்.

மறு ஆண்டு நிலைமை வேறு விதமாகத் திரும்பியது. 2024இல் ஜூன் 12 அன்று திறக்க அணையில் நீர் இல்லை. ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே அரசு 78.67 கோடி ரூபாய்க்குக் குறுவைச் சிறப்புத் தொகுப்பை அறிவித்திருந்தது. அதில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம் ஏக்கருக்கு மானியம். பெருக்கிப் பார்த்தால் 40 கோடி, தொகுப்பில் பாதிக்கும் மேல். நடவாள் கிடைக்கவில்லை என்ற உழவரின் குறையிலிருந்து பிறந்தது இம்மானியம். அக்குறையை நாங்கள் மறுக்கவில்லை. இளையோர் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட ஊர்கள் ஏராளம். ஆனால் ஊரில் எஞ்சியிருப்பவர்கள் நாற்பதும் ஐம்பதும் கடந்த பெண்கள். நடவுதான் அவர்களுக்கு ஆண்டில் தொடர்ச்சியாகக் கூலி கிடைக்கும் சில வாரங்கள். அரசு தன் பணத்தைக் கொடுத்து அந்த வாரங்களை இயந்திரத்துக்கு மாற்றும்போது, மாற்றப்பட்டவருக்கு என்ன என்று கேட்கும் பொறுப்பும் அரசுக்கு உண்டு. ஏக்கருக்கு 4,000 தர முடிந்த தொகுப்பில், வேலை போன குடும்பத்துக்கென ஒரு தலைப்பு ஏன் இல்லை?

இதுவரை அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது நூறு நாள் வேலை. அதன் அடிப்படையையே இப்போது மாற்றியிருக்கிறார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, விபி-ஜி ராம் ஜி என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் நாட்களை 125 ஆக உயர்த்துகிறது. செலவில் 40 விழுக்காட்டை மாநிலத்தின் தலையில் வைக்கிறது. இவை இரண்டும் பரவலாக விவாதிக்கப்பட்டன. விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் பருவங்களில், ஆண்டுக்கு மொத்தம் 60 நாட்கள் வரை இத்திட்டத்தில் வேலை நடக்கக் கூடாது என்று மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்னும் பிரிவுதான் படுகையின் கூலிக்காரர்களை நேராகத் தாக்குவது.

இந்தப் பிரிவு எந்த உலகத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது? விதைப்புக் காலத்தில் வயலில் எல்லோருக்கும் வேலை இருக்கும், அரசு வேலை கூலியாட்களை இழுத்துக்கொள்கிறது, அதனால் கூலி ஏறுகிறது என்று நிலவுடைமையாளர் சொல்லும் உலகம் அது. படுகையின் கோடைநடு அப்படி இல்லை. ஜூன், ஜூலை மாதங்களை நடவுப் பருவம் என்று முன்னதாகவே அறிவித்து அரசு வேலையை நிறுத்திவிட்டு, 2024ஐப் போல் அணை திறப்பது ஒன்றரை மாதம் தள்ளிப்போனால்? ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர் இயந்திரத்தை வைத்து நட்டு முடிப்பார். இல்லாதவர் வயலைத் தரிசாக விடுவார். இரண்டு வயலிலும் அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை. அரசு வேலையும் இல்லை. வேலை கேட்டு எழுதிக்கொடுத்து, தராவிட்டால் வேலையின்மைப் படி கோரும் உரிமையும் அந்த அறுபது நாட்களில் பயனற்றுப் போகும். நூறு நாள் வேலையின் மிகப் பெரிய சாதனை சாலையோ குளமோ அல்ல. சேரியிலிருந்து ஒருத்தி, இந்தக் கூலிக்கு நான் வரமாட்டேன் என்று சொல்ல முடிந்ததே சாதனை. விதைப்புப் பருவத்தில்தான் அந்தச் சொல்லுக்கு விலை உண்டு. அந்தப் பருவத்தைக் குறிவைத்தே பூட்டுப் போடப்பட்டிருக்கிறது.

வெயிலின் கணக்கு இன்னும் விசித்திரமானது. கத்திரி முடிந்தால் வெப்பம் தணியும் என்பது படுகைக் கடற்கரைக்குப் பொருந்தாது. ஜூனில் மேற்குக் காற்று ஓங்கி வீச, கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். நாகையும் காரைக்காலும் ஆனியிலும் கொதிக்கும். நடவு நடக்கும் வயலில் தேங்கிய நீர் சூடேறி, முதுகில் வெயிலும் முகத்தில் நீராவியுமாகக் குனிந்தே நிற்க வேண்டியிருக்கிறது. வானிலைத் துறையின் வரையறைப்படி சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் அது வெப்ப அலை. அந்த அளவு நிழலில் உள்ள கருவியில் பார்க்கப்படுவது. ஈரப்பதத்தோடு கூடிய 38 டிகிரியில் நட்டுக்கொண்டிருப்பவர் மயங்கி விழுந்தால், அன்று வெப்ப அலை அறிவிக்கப்படாமலே இருந்திருக்கலாம்.

15ஆவது நிதி ஆணையக் காலத்துக்கான பேரிடர் பட்டியலில் பனியும் குளிர் அலையும் இடம்பெற்றன, வெப்ப அலை இடம்பெறவில்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அதை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று வகை செய்தது. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் வயலில் விழுந்து இறந்தவரின் உடல் பெரும்பாலும் மருத்துவமனைக்குப் போகாமல் அன்று மாலையே அடக்கம் செய்யப்படுகிறது. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதப்படுகிறது. காவல் நிலையத்தில் பதிவும் உடற்கூறாய்வும் இன்றிப் பின்னர் வெப்பத்தை நிரூபிக்க வழியில்லை. துக்கவீட்டில் இதைச் சொல்வது எளிதன்று. எனினும் அங்கே இருக்கும் நம் தோழர் ஒருவர் அன்றே சொல்லியாக வேண்டும்.

ஆடுகளின் நிலையும் நடவோடு பிணைந்தது. நிலமற்ற குடும்பத்தின் வங்கி என்பது வீட்டு வாசலில் கட்டிய நான்கு ஆடுகள். சம்பா அறுவடைக்குப் பின் தரிசில் மேய்ந்தவை, நாற்று நட்டதும் வரப்பில்கூட நிற்க முடியாது. போர் தண்ணீரில் கோடை நெல்லும் பருத்தியும் பரவிய ஊர்களில் அந்தத் தரிசும் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. வைக்கோல் இயந்திரத்தில் உருளையாகச் சுற்றப்பட்டு லாரியில் வெளியூர் போகிறது. மேய்ச்சல் புறம்போக்கு பல இடங்களில் எவருடைய வயலோடோ சேர்ந்து கிடக்கிறது. எனவே ஆடு வயலில் இறங்குகிறது. ஆட்டைப் பிடித்துக் கட்டுவது, சாதி சொல்லித் திட்டுவது, அடிப்பது என்று அது வளர்கிறது. எங்களிடம் வரும் வன்கொடுமைப் புகார்களில் இந்தத் தொடக்கம் புதிதல்ல. பேரிடர் நிதி நெறிமுறையில் பசு, எருமைக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் உண்டுதான். ஆனால் அது பேரிடர் என்று அறிவிக்கப்பட்ட நிகழ்வில் இறந்ததற்கு. தீவனமின்றி மெலிந்து, ஆனி மாதத்தில் பாதி விலைக்கு வியாபாரியிடம் போன ஆட்டுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

சட்டத்தில் பிடி இல்லாமல் இல்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 12ஆம் பிரிவு, குறைந்தபட்ச நிவாரணத் தரங்களில் வாழ்வாதாரத்தை மீட்பதற்கான உதவியையும் சேர்க்கிறது. பயிரை மட்டும் அது பேசவில்லை. 61ஆம் பிரிவு நிவாரணத்தில் சாதி, பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஒரு நெறிமுறை நிலமுள்ளோரையே அடையுமாறு அமைந்து, நிலமின்மை சாதியால் அமைந்ததாக இருக்கும்போது, விளைவில் அது பாகுபாடு என்று வாதிட இடமுண்டு. அந்த வாதம் உயர் நீதிமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அன்றாட உதவித்தொகை என்ற தலைப்பு பேரிடர் நிதி நெறிமுறையிலேயே இருக்கிறது. குறுவை பொய்த்த ஆண்டில் கூலிக் குடும்பங்களுக்கு அதைக் கோரி மனுக்கள் போக வேண்டும். 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கத் தயங்கும் குத்தகைதாரர், அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காதோ என்று அஞ்சுவது உண்மை. கோயில், மடங்களின் நிலங்களில் அந்த அச்சம் சற்றுக் குறைவு. தொடங்குவது அங்கிருந்து எளிது. பொதுச் சொத்துகளையும் நீர்நிலைகளையும் மற்றவரைப் போல் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். ஆட்டுத் தகராறில் அடியை மட்டும் எழுதிக்கொடுக்காமல், மேய்ச்சல் நிலத்தைத் தடுத்ததையும் புகாரில் சேர்த்தால் வழக்கின் தன்மையே மாறும்.

உடனடி வேலை அந்த அறுபது நாள் அறிவிக்கை. மாவட்டம், வட்டாரம், ஊராட்சி எனப் பகுதிவாரியாக வெவ்வேறு அறிவிக்கை வெளியிடப் புதிய சட்டமே இடம் தருகிறது. கடைமடை ஊராட்சிகளில் வாய்க்காலில் நீர் வந்து சேர்வதற்கு முன் வேலையை நிறுத்தக் கூடாது. இயந்திர நடவு மானியம் பெறும் ஊராட்சிகளில் நடவுக்காக நிறுத்தமே கூடாது. இவ்விரு கோரிக்கைகளைக் கிராம சபைத் தீர்மானமாக்கி ஆட்சியருக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் அனுப்பலாம். கல்லூரி மாணவர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தங்கள் தெருவில் பத்து வீடுகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை யாருக்கு எத்தனை நாள் கூலி கிடைத்தது, எந்த வேலைக்கு, எவ்வளவு என்று ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். எத்தனை ஆடு விற்றது, என்ன விலைக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனுவோடு இணைக்க எங்களிடம் இன்று அடங்கல் நகல்கள் குவிந்து கிடக்கின்றன. அப்படியொரு நோட்டு ஒன்றுகூட இல்லை.