காற்று சுத்திகரிப்பானைப் பரிந்துரைக்கும் முன்

ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமை மூக்கழற்சிக்கும் சிகிச்சை பெறுவோர் வீட்டிற்குக் காற்று சுத்திகரிப்பான் வாங்கலாமா எனக் கேட்கும்போது, ‘வாங்கினால் நல்லது’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது, அளவும் வேளையும் குறிக்காமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதித் தரும் சீட்டுக்கு ஒப்பாகும்.

முதலில் தெளிவாக வேண்டியது, நோயாளியின் உடல் எதற்கு எதிர்வினை காட்டுகிறது என்பதாகும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் பெருகும் வீட்டுத் தூசு உண்ணியின் ஒவ்வாமையூக்கி, பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டரைத் தாண்டிய அதன் கழிவுத் துகள்களில் இருப்பதால், படுக்கையை உதறும்போது எழும்பிச் சில நிமிடங்களிலேயே மீண்டும் படிந்துவிடுகிறது. மிதக்கும் துகளை மட்டுமே ஈர்க்கும் கருவியால் மெத்தைக்குள் இருப்பதை அகற்ற இயலாது. இத்தகையோருக்கு நெருக்கமாக நெய்த உறைகளும், படுக்கை விரிப்புகளை 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைப்பதுமே முதன்மையானவை. மாறாக, பூனையின் ஒவ்வாமையூக்கியில் ஒரு பகுதியும் புகையின் நுண்துகள்களும் நெடுநேரம் மிதப்பதால், அங்கே கருவிக்கு வேலை உண்டு.

அடுத்தது அளவு. ‘ஹெப்பா’ எனப்படும் வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களிலும் 99.97 விழுக்காட்டைத் தடுக்க வல்லது எனினும், அறைக்குள் கிடைக்கும் பயனைத் தீர்மானிப்பது, கருவி மணிக்கு எவ்வளவு தூய காற்றைத் தருகிறது என்பதைக் குறிக்கும் ‘சிஏடிஆர்’ என்ற அளவீடாகும். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட படுக்கையறையின் காற்றை மணிக்கு 5 முறை தூய்மையாக்க, ஏறத்தாழ 170 கன மீட்டர் தேவைப்படும். பெட்டியில் அச்சிடப்படும் எண் பொதுவாக உச்ச வேகத்துக்குரியது என்பதாலும், இரைச்சல் காரணமாக இரவில் வேகம் குறைக்கப்படுவதாலும், தேவைக்கு மேற்பட்ட திறனுள்ள கருவியைத் தேர்வதே பொருத்தமாகும்.

ஹெப்பா வடிகட்டி வாயுக்களைப் பிடிப்பதில்லை; அதற்குப் போதிய எடையில் கிளர்வூட்டிய கரி வேண்டும். அயனியாக்கும் சில கருவிகள் மூச்சுக்குழாயை உறுத்தும் ஓசோனை வெளியிடுவதால், கலிபோர்னியா மாநிலம் அதற்கு 0.050 பிபிஎம் என வரம்பு விதித்துள்ளது. ஆஸ்துமா உள்ளோர் அவற்றைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது.

கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் எரியும் அறையில், அல்லது சாலைப் புகை நுழையும் சன்னலைத் திறந்து வைத்த அறையில், எந்தக் கருவியும் தோற்கும். சுவரின் பூஞ்சைக்குக் காரணமான ஈரக்கசிவையும் அது நீக்காது. நுண்துகள் குறைவதற்கான சான்று வலுவாக இருக்க, நோய்க்குறிகள் குறைவது ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. எனவே, உள்ளிழுப்பு மருந்தை நிறுத்தலாகாது என்பதை வலியுறுத்தி, ஒவ்வாமையூக்கி, அறையின் அளவு, இயக்கும் நேரம், வடிகட்டி மாற்றும் செலவு ஆகியவற்றை நோயாளியின் பதிவேட்டில் குறித்து, சில வாரங்களுக்குப் பின் நோய்க்குறிகளை மீண்டும் மதிப்பிட்டு, பயன் தென்படாதபோது அச்செலவைத் தொடர வேண்டாம் எனத் தயங்காமல் சொல்வதும் மருத்துவரின் கடமையாகும்.