வாழையின் வேரில் ஒரு சத்துரு

வாழையடி வாழையாகக் குலம் தழைக்க வேண்டுமென்று ஆசீர்வதிப்பது நம் நாட்டு வழக்கம். தாய்மரத்தின் குணமெல்லாம் கன்றுக்கு வருவதே அதற்குக் காரணம். ஆனால் குணத்தோடு நோயும் கூடவே வருகிறதென்பதை நமது குடியானவர்களிற் பலர் கவனிப்பதில்லை.

துளைக்கும் நூற்புழு ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத பிராணி. பிஜித் தீவின் வாழையில் கண்ட இப்புழுவை 1893-ம் வருஷத்தில் காப் என்னும் சாஸ்திரி வர்ணித்தார். கேரளத்தில் இது இருப்பது 1966-ல் வெளியாயிற்று. இது வேரின் சதையைக் குடைந்து தின்ன, வேர் சிவந்து, கறுத்து, அழுகுகிறது. வாழையோ குலை தள்ளும் வரையில்தான் புதுவேர் விடும். ஆகவே, குலையின் பாரம் ஏறுகிற சமயத்தில் மரத்தைத் தாங்க வேர் இராது. காற்றடித்தால் மரம் கிழங்கோடு சாய்கிறது. குடியானவர் காற்றை நோகிறார். குற்றவாளி மண்ணுக்குள் இருக்கிறது.

வேகமாக வேர்விடும் ரகத்தைப் பயிரிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. அத்தகைய மரம் சேதத்தைத் தாங்கக்கூடும். ஆனால் வேர் மிகுந்தால் புழுவுக்கு இரையும் மிகும். புழுவைப் பெருக வொட்டாமல் தடுப்பதே மெய்யான எதிர்ப்புச் சக்தி. காங்கோ தேசத்து யாங்காம்பி கே.எம்.5 ரகத்துக்கு அச்சக்தி உண்டு. புழு குடைந்த இடத்தில் அதன் வேர் ஒருவகை விஷப் பொருளைச் சேர்த்து வைக்கிறதென்று 2014-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஆனால், நாம் உண்ணும் வாழைகள் விதையற்றவையாதலால், இனங்கலந்து புது ரகம் உண்டாக்குவது பல வருஷ வேலை. நேந்திரம் பயிரிடுவோர் அதுவரை கைகட்டி நிற்பதா?

வேண்டியதில்லை. கன்றின் கிழங்கை வெண்மை தோன்றும் வரை சீவி, வேர்களைக் களைந்து, 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிஷம் வைத்து நடலாம். வாழைக்குப் பின் நெல் பயிரிட்டு வயலில் நீர் தேக்கலாம். புழுவற்ற திசு வளர்ப்புக் கன்றுகளையும் நடலாம். திருச்சியில் 1993 முதல் தேசீய வாழை ஆராய்ச்சி நிலையம் நடைபெறுகிறது. அறிவுக்குக் குறைவில்லை, அது வரப்பு வரை போய்ச் சேருவதே குறை.

1966-ம் வருஷத்து விதைச் சட்டம், 'விதை' என்னும் சொல்லில் உணவுப் பயிர்களின் கிழங்கையும் வேரையும் அடக்கியே இலக்கணம் வகுத்திருக்கிறது. சட்டத்தில் இடமிருக்க, தோட்டத்துக் கன்று பரீக்ஷையின்றிக் கைமாறுவானேன்? வாழை விளையும் தாலூகாதோறும் சுத்தமான கன்றுப் பண்ணையும், வேரைச் சோதித்துச் சொல்ல ஓர் உத்தியோகஸ்தரும் வேண்டும். சர்க்கார் இதனைச் செய்வார்களாக. குடியானவரும், கன்றை வாங்குமுன் அதன் வேரை அறுத்துப் பார்க்கும் வழக்கத்தை இன்றே கைக்கொள்வாராக.