மரக்கால் சொல்வதும் மனிதர் சொல்வதும்

ஒரு வயலில் ஒரு வருஷம் கண்ட மகசூலை நம்பிக் கடன்பட்டு எருவாங்குதல் விவேகமன்று. இங்கிலாந்திலே ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843-ஆம் வருஷம் தொடங்கிய கோதுமைச் சோதனையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எருவிடாத பாத்தியொன்றை இன்றளவும் வைத்திருக்கின்றனர். விளைவு எவ்வளவு என்பதற்கு இத்தகைய அளவை ஆராய்ச்சியே சான்று.

ஆயினும், நல்லதென்று கண்ட எருவையும் குடியானவர் ஏன் இடவில்லை என்பதை மரக்கால் சொல்லாது. அதற்கு ஊரில் விசாரித்தறியும் ஆராய்ச்சி வேண்டும். சென்னைச் சர்வகலாசாலைப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணாக்கர்களைக் கொண்டு கிராமங்களை ஆராய்ந்து 1918-இல் பதிப்பித்த நூல் இதற்கு முன்மாதிரி.

ஆகவே, எப்புதுமுறையாயினும் எத்தனை பாத்தி, எத்தனை வருஷம், எவரை விசாரித்தனர் என்று கேட்டறிக. விவசாயக் கல்லூரிப் புத்தகசாலையில் மூல அறிக்கையைத் தேடிப் பெற்று, கிராம அதிகாரிகள் ஊரார்முன் வாசித்துக் காட்டுதல் பெரும்பயன் தரும் என்பது என் அபிப்பிராயம்.