ஆடிய கால்

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இரா என்பது பழமொழி. ஆடிப் பழகிய கால் ஓய்ந்திருக்க விரும்பாது என்பது அதன் பொருள். அந்தக் கால் மேடையை விட்டு டென்னிஸ் களத்தில் இறங்கினால் என்ன ஆகும்? நடனம் தந்த பயிற்சி அங்கே வீணாவதில்லை. பெருந்துணையாகிறது என்பதே என் கருத்து.

இதைக் கூறக் காரணம் உண்டு. பிள்ளைகள் விளையாட்டில் சேர விரும்பியவுடன், "அப்படியானால் நடன வகுப்பை நிறுத்திவிடு, இரண்டில் ஒன்றுதான்" என்று பெரியவர்கள் கூறுவது பல வீடுகளில் வழக்கம். நேரமும் பணமும் குறைவாக உள்ள குடும்பங்களில் அவ்வாறு கூறுவது குற்றமன்று. எனினும், நிறுத்துவதற்கு முன்னர், நடனம் அந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, காலின் ஆயத்தம். எதிரில் இருப்பவர் பந்தை அடிக்கும் நொடியில் டென்னிஸ் வீரர் சிறிதாகத் துள்ளி, முன்பாதங்களை ஊன்றி, முழங்கால் மடக்கி இறங்குவார். பந்து எப்பக்கம் வந்தாலும் அப்பக்கம் உடனே பாய இத்துள்ளல் உதவுகிறது. பரதநாட்டியத்தின் குதித்துமெட்டடவிலும் முன்பாதங்களில் குதித்து, பின்னர்க் குதிகாலைத் தரையில் தட்டுவர். அரைமண்டியில் உடலைத் தாழ்த்தி, முதுகை நிமிர்த்தி நெடுநேரம் ஆடுவர். அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரியும். டென்னிஸில் முன்னோக்கி இருக்கும். நிலைகள் வேறாயினும், தாழ்ந்து நின்றும் தளராத தொடைவலிமை இரண்டிற்கும் பொதுவானது.

இரண்டாவது, காலக்கணக்கு. ஒரே அடவை மூன்று காலங்களில் ஆடப் பழகியவருக்கு, விரைவு மாறினாலும் தாளம் தவறாது. பந்தின் விரைவும் அவ்வாறே மாறிக்கொண்டிருக்கும். விம்பிள்டன் போட்டியில் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரையிறுதி வரை சென்ற தமிழர் இராமநாதன் கிருஷ்ணன், முரட்டு வலிமையை நம்பி ஆடியவர் அல்லர். மென்மையான அடியும் சரியான காலமும் அவருடைய படைக்கலங்கள். அவரை நடனக் கலைஞர் என்று நான் கூறவில்லை. காலம் அறிந்து அடிப்பதன் மதிப்பை அவருடைய ஆட்டம் காட்டுகிறது என்றே கூறுகிறேன்.

மூன்றாவது, சமநிலை. கரகாட்டத்தில் கால்கள் சுழன்றாலும் தலை அசையக் கூடாது. அசைந்தால் கரகம் விழும். டென்னிஸிலும் மட்டை பந்தைத் தொடும் நொடியில் தலை அசைந்தால் அடி பிழைக்கும்.

இவற்றை ஒருங்கே பெற்றிருந்தவர் பிரான்சு நாட்டின் சுசான் லெங்லென். இளமையில் நடனமும் பயின்ற அவர், 1919 முதல் 1925 வரையிலான காலத்தில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறு முறை வென்றார். துள்ளி எழுந்து பந்தை அடிக்கும் அவருடைய ஆட்டத்தைக் கண்டோர் அதனை நடனத்தோடு ஒப்பிட்டனர்.

இதற்கு மறுப்பும் உண்டு. நடனத்தில் அடுத்த அடி எதுவென்று முன்பே தெரியும். டென்னிஸில் அதனை எதிராளி முடிவு செய்கிறார். நடனத்தில் கை செல்லும் வழியில் கண் செல்லும். டென்னிஸிலோ கண் பந்தை விட்டு விலகக் கூடாது. இம்மறுப்பு உண்மையே. நடனம் மட்டுமே ஒருவரை டென்னிஸ் வீரராக்கிவிடாது. பந்தோடு பழகும் பயிற்சி கட்டாயம் வேண்டும். ஆனால், ஆடிய கால் அப்பயிற்சியை வெறுங்காலாகத் தொடங்குவதில்லை.

தாராவியில் வாழும் நமக்கு இது இன்னும் பொருந்தும். டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்திற்கு அகலம் 27 அடி. நம் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் அவ்வளவு வெற்றிடம் ஏது? அடவு பழகவோ இரு கைகளை நீட்டும் அளவு இடம் போதும். அருகிலுள்ள மாட்டுங்காவில் 1945இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர், நம் ஊர்க் கலை இந்நகரில் வேரூன்றியதற்குச் சான்று. களம் கிடைக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டியது மட்டைதான். கால் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்நாள் தொலைவில் இருப்பதாகவும் எண்ண வேண்டா. 2025 பிப்ரவரியில், கோயம்புத்தூரைச் சேர்ந்த 15 வயது மாயா ராஜேஸ்வரன், இதே மும்பையில் நடந்த பன்னாட்டு மகளிர் டென்னிஸ் போட்டியில் அரையிறுதியை எட்டினார். அக்களம் மாஹிமில் இரயில் ஏறி, சர்ச்கேட்டில் இறங்கினால் அடையும் தொலைவிலேயே உள்ளது.

ஆகவே, பெற்றோரிடம் நான் வேண்டுவது ஒன்றே. நடனம் டென்னிஸுக்காக மட்டும் வாழும் கலையன்று, தன்னளவில் உயர்ந்தது. பிள்ளை மட்டையைக் கேட்கும்போது சலங்கையைப் பறித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கலையில் உழைத்த உடல், மற்றொன்றைக் கற்க ஆயத்தமாக நிற்கும் உடல்.