மடி ஒரு பாதுகாப்புக் கருவி அன்று

2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்து ஆணையர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காரின் பின்பகுதியில், அவர்களுக்கென அமைந்த தனி இருக்கையில் வார் பூட்டி அமர்த்த வேண்டும். நான்கு முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களில் 135 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுடையோர், உயரம் கூட்டும் சிறு மெத்தையில் அமர்ந்து சீட் பெல்ட் அணிய வேண்டும். அக்டோபர் விழிப்புணர்வு மாதம், நவம்பர் எச்சரிக்கை மாதம், டிசம்பர் முதல் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று கால வரிசையும் தரப்பட்டது. ஓரிரு நாள்களுக்குள் போக்குவரத்து அமைச்சர் கே. பி. கணேஷ் குமார் அதை நிறுத்திவைத்தார். அபராதம் கிடையாது, விழிப்புணர்வு மட்டுமே என்றார். பொதுமக்களில் பெரும்பாலோர் நிம்மதியடைந்தனர். செய்தி அத்துடன் முடிந்தது.

அமைச்சர் நிறுத்தியது சட்டத்தை அன்று என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 பி பிரிவு, பதினான்கு வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்போ இன்றி ஏற்றிச் செல்வதை ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குரிய குற்றமாக்கியுள்ளது. அது மத்தியச் சட்டம்; இன்றும் நடப்பில் உள்ளது. திருவனந்தபுரம் வலியசாலையில் புறப்படும் ஒரு குடும்பம் கரமனை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்குச் செல்கிறது என்று கொள்வோம். எல்லையின் இருபுறமும் அதே பிரிவுதான். பாட்டியின் மடியில் உறங்கும் குழந்தை இரு மாநிலங்களைக் கடந்துவிடும். சட்டத்தின் பெயரால் யாரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. சட்டம் ஏட்டில் இருக்கிறது, குழந்தை மடியில் இருக்கிறது.

வலியசாலையை இங்கே சுட்டுவதற்குக் காரணம் உண்டு. காந்தளூர்ச் சாலை மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரத் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அவற்றின் வாசலிலேயே கார்கள். உறவுகளின் வேர் எல்லைக்கு அப்பாலும் படர்ந்திருப்பதால் திருமணம், சீமந்தம், குலதெய்வ வழிபாடு என்று பயணங்களுக்குக் குறைவில்லை. ஐவர் அமரும் காரில் எழுவர் ஏறுவதும், குழந்தை கைமாறிக் கைமாறி மடிக்கு மடி நகர்வதும் இங்கே இயல்பு. இதை அலட்சியம் என்று சொன்னால் அக்குடும்பங்கள் மனம் நோகும், நியாயமாகவே நோகும். குழந்தையை மடியில் வைப்பது அவர்கள் அறிந்த உச்சமான அக்கறை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. அக்கறையின்மையைக் கண்டித்துத் திருத்தலாம். தவறான இடத்தில் வைக்கப்பட்ட அக்கறையை விளக்கியே மாற்ற வேண்டும்.

விளக்கம் எளிய இயற்பியல். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன்மீதேனும் மோதி நிற்கும்போது, உள்ளிருப்பவர் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்ல முயல்கிறது. அந்த வேகம் ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழும் உடல் தரையைத் தொடும் வேகத்துக்குச் சமம். காரின் முன்பகுதி நசுங்கும் சிறிய தூரத்துக்குள் அவ்வளவும் சுழியாக வேண்டும். புவியீர்ப்பைப் போல் பதினைந்து மடங்கு விசை என்று கொண்டாலும், பத்து கிலோ எடையுள்ள குழந்தை அக்கணத்தில் தாயின் கைகளை 150 கிலோ பாரமாக இழுக்கும். எதிர்பாராத ஒரு கணத்தில் 150 கிலோவைப் பிடித்து நிறுத்தும் கைகள் எந்தத் தாய்க்கும் இல்லை. தாயையும் குழந்தையையும் ஒரே பெல்ட்டுக்குள் சேர்த்துப் பூட்டுவது இன்னும் ஆபத்தானது. தாயின் முழு எடையும் குழந்தையைப் பெல்ட்டின்மீது நசுக்கும்.

முன்னிருக்கையில் மடிக்கு எதிரே ஏர்பேக்கும் இருக்கிறது. பெரியவரின் மார்பைத் தாங்குவதற்காக இமைப்பொழுதுக்குள் வெடித்து விரியும் பை அது. 2021 முதல் புதிய மாதிரிக் கார்களில் ஓட்டுநருக்கு அருகிலிருக்கும் இருக்கைக்கும் அது கட்டாயம். 2024 செப்டம்பர் இறுதியில் மலப்புறம் மாவட்டத்தில் நடந்த விபத்தில், முன்னிருக்கையில் தாயின் மடியிலிருந்த இரண்டு வயதுக் குழந்தை ஏர்பேக் அழுத்தி உயிரிழந்ததாகச் செய்திகள் வந்தன. அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் ஆணையரின் அறிவிப்பு வந்தது.

கார் வாங்குவோர் இப்போது நட்சத்திர மதிப்பீட்டைக் கேட்டு வாங்குகிறார்கள். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்காப் திட்டம் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் தனி நட்சத்திரம் தருகிறது. அந்தச் சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளை ஒத்த பொம்மைகள் சைல்டு சீட்டில் பூட்டப்பட்டே மோதவிடப்படுகின்றன. யாரும் அவற்றை மடியில் வைத்துச் சோதிப்பதில்லை. எனவே மடியிலிருக்கும் குழந்தைக்கு அந்த ஐந்து நட்சத்திரங்கள் எந்த உறுதியையும் அளிப்பதில்லை.

அரசின் தயக்கத்துக்கான காரணங்களைப் புறந்தள்ள முடியாது. சைல்டு சீட்டின் விலை ஆயிரக்கணக்கில். குழந்தை வளர வளர அளவும் மாற வேண்டும். கடனில் சிறிய கார் வாங்கிய குடும்பத்தில் இரண்டு மூன்று குழந்தைகள் இருந்தால் இருக்கைகளுக்கு இடமே இராது. வாடகைக் காரும் ஆட்டோவும் என்ன செய்யும் என்பதற்கும் தெளிவான விடையில்லை. இவையனைத்தும் உண்மை. ஆனால் இவை, அரசு செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். வேலையைக் கைவிடுவதற்கான காரணங்கள் ஆகா. மடி என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் சோம்பல் என்றும் பொருள் உண்டு. திருக்குறளில் மடியின்மை ஓர் அதிகாரம். இன்றைய மலையாளத்தில் அச்சொல் தயக்கத்தையும் குறிக்கும். குடும்பத்தின் மடியும் அரசின் மடியும் இவ்விஷயத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

குழந்தையைக் கட்டிவைப்பது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்ற வாதமும் எழுவதுண்டு. புடவையில் தூளி கட்டிக் குழந்தையை அதற்குள் பொதிந்து வளர்த்த சமூகம் இதைச் சொல்வது விந்தை. தூளியில் இட்ட குழந்தையைக் கட்டிப்போட்டதாக யாரும் சொல்வதில்லை, தூங்கவைத்ததாகவே சொல்கிறோம். சைல்டு சீட்டும் ஓடும் வண்டிக்கான தூளிதான். தலை கனத்து, கழுத்து தளர்ந்த கைக்குழந்தையின் இருக்கை பின்னோக்கியே அமைய வேண்டும் என்பது மட்டும் புதிதாகக் கற்க வேண்டியது.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கும் சட்டத்தை அமெரிக்காவில் முதலில் இயற்றியது டென்னசி மாநிலம். ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவரின் விடாமுயற்சியால் 1977இல் நிறைவேறி, 1978 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பெரியவர் கையில் ஏந்திய குழந்தைக்கு இருக்கை வேண்டா என்ற விலக்கு அதில் சேர்க்கப்பட்டது. சாண்டர்ஸ் தரப்பினர் அதைக் குழந்தையை நசுக்கும் திருத்தம் என்றே அழைத்தனர். 1981இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. 1985க்குள் எல்லா அமெரிக்க மாநிலங்களும் இத்தகைய சட்டத்தை ஏற்றன. கார்களில் இருக்கையைச் சரியாகப் பயன்படுத்தினால் கைக்குழந்தைகளின் இறப்பு வாய்ப்பு 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயதினருக்கு 54 விழுக்காடும் குறைவதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டுள்ளது. டென்னசி ஏட்டில் எழுதி நீக்கிய விலக்கைக் கேரளம் எழுதாமலேயே நடைமுறையில் வைத்திருக்கிறது.

அபராதத்திலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரசு மருத்துவமனையில் மகப்பேறு முடிந்த தாயையும் சேயையும் கட்டணமின்றி வாடகைக் காரில் வீடு சேர்க்கும் மாத்ருயானம் என்ற திட்டம் கேரளத்தில் உண்டு. திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையிலிருந்து புறப்படும் பச்சிளங்குழந்தையின் முதல் கார்ப் பயணம் அரசின் செலவில் நிகழ்கிறது. அந்தக் கார்களில் கைக்குழந்தை இருக்கையைப் பொருத்துவது அரசின் கையில் உள்ளது. அதைப் பூட்டும் முறையைச் செவிலியர் ஒருமுறை காட்டினால், எந்த விளம்பரத்தையும்விட அது ஆழமாகப் பதியும். 1980களில் அமெரிக்க மருத்துவமனைகள் பலவும் இருக்கைகளை இரவலாகத் தந்தன. நூலகங்களை ஊர்தோறும் வளர்த்த கேரளத்துக்கு இரவல் முறை புதிதன்று. வலியசாலை போன்ற குடியிருப்புகளின் நலச்சங்கங்கள், ஒரு வீட்டில் பயன்பட்டு ஓய்ந்த இருக்கையை அடுத்த வீட்டுக்கு மாற்றித் தரலாம். விபத்தில் சிக்கிய இருக்கையை மட்டும் மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

அதுவரை இருக்கை வாங்க இயலாத குடும்பங்களும் சிலவற்றைச் செய்ய முடியும். குழந்தையோடு முன்னிருக்கையில் அமராதிருத்தல், தனியே அமரும் அளவு வளர்ந்த குழந்தைக்குப் பின்னிருக்கையில் தனி இடமும் பெல்ட்டும் தருதல், பயணத்தில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்தல், வேகத்தைக் குறைத்தல். இவை ஆபத்தைக் குறைக்கும், இருக்கைக்கு ஈடாகா. நிறுத்திவைத்த அறிவிப்பை இருக்கை வழங்கும் திட்டத்தோடு சேர்த்து மீண்டும் வெளியிடுவதே அரசு செய்ய வேண்டியது. அதைக் கேட்க வேண்டியவர்கள், குழந்தையை மடியில் வைத்துக் காத்துவிட்டதாக இத்தனை காலம் நம்பிய பெற்றோரே.